கடைசிச் சொம்பு

உக்காருங்க தம்பி. பைய நான் இந்தப் பக்கம் நகத்தி வெச்சுக்கறன். மிதிச்சுராதீங்க, உள்ள மாலை இருக்குது. மாமன் மாலை. நேத்தே பூக்காரம்மாகிட்டச் சொல்லி வெச்சாச்சு, வேண்டாம்னு சொன்னா அந்தம்மா என்ன நெனைக்கும்? அதனால வாங்கிட்டனுங்க. வேற ஒண்ணுமில்ல. கோயமுத்தூர்ல எந்தக் கோயில்லயாச்சும் சாமிக்குப் போட்டுருவன். பல்லடத்துல எறங்கற ரோசனையே எனக்கு இல்ல. பஸ்ஸு டிக்கெட்டே கோயமுத்தூருக்குத்தான் எடுத்துருக்கறன், இங்க பாருங்க.

உங்க மடியில லேப்டாப்புல ஓடறது ஜாவா புரோகிராம்தானுங்களே? பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. ஏன் அப்படிப் பாக்கறீங்க? நரைச்ச தலைக்கு ஜாவா தெரியக் கூடாதா? நம்ம நூல் மில்லுல ஸ்டோர்ஸ் சூப்பர்வைசருங்க நானு. பேரு குழந்தைவேலு. மில்லுல புதுசா கம்ப்யூட்டர் போட்டாங்க. நேத்து வந்த பசங்க எல்லாம் "அண்ணா, அதத் தொடாதீங்க, இதத் தொடாதீங்க"ன்னு என்னைய ஓரமா நிக்க வெச்சானுக. வந்துச்சு பாருங்க ஒரு கோவம். அந்த வாரமே காங்கேயத்துல ஞாயித்துக்கெழமை கிளாஸ்ல சேந்துட்டன். டேனியல் சாருன்னு ஒருத்தர், எம்பட வயசுல பாதி இருப்பாரு, நல்லாச் சொல்லிக் குடுப்பாரு. கிளாஸ்லயே நாந்தான் முன்னாடி பெஞ்சு.

அதுல ஹேஷ்னு ஒரு பாடம் வந்துச்சு. உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்றன், ஏன்னா என் குடும்பம் செதறினது அதுலதான். ஒரு ஃபைலக் குடுத்தமுன்னா, அது போட்டோவோ, பாட்டோ, கணக்கோ, எதுவா இருந்தாலுஞ்சரி, உள்ள இருக்கறத ஒட்டுக்காப் படிச்சுட்டு அறுபத்திநாலு எழுத்துல ஒரு ரேகை குடுக்குது. கட்டைவெரல் ரேகையாட்டம். அதே ஃபைலுக்கு இன்னைக்கு ஓட்டினாலும் அதே ரேகை, அடுத்த வருசம் ஓட்டினாலும் அதே ரேகை. ஃபைலு பேர மாத்துங்க, ரேகை மாறாது. உள்ள ஒரே ஒரு புள்ளி வெய்ங்க, மொத்தமும் மாறிப்போகும். நான் என் பேர அடிச்சு ஓட்டிப் பாத்தன், அப்பறம் பேருக்குப் பின்னால ஒரு புள்ளி வெச்சு ஓட்டிப் பாத்தன். ரெண்டுக்கும் ஒட்டும் இல்ல ஒறவும் இல்ல. எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுபோச்சுங்க. பொய்யே சொல்ல முடியாத ஒண்ணு ஒலகத்துல இருக்குதுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

அப்பறம் நானே புரோகிராம் எழுதினன். பாத்தெல்லாம் எழுதலீங்க, பாடமே பண்ணி எழுதினன். மெசேஜ் டைஜஸ்ட்னு ஒண்ண வரவழைக்கோணும், எஸ்.ஹெச்.ஏ. இருநூத்தம்பத்தாறுன்னு சொல்லோணும், பஃபர்னு ஒரு எடம் ஒதுக்கோணும், ஃபைலுலருந்து கொஞ்சங் கொஞ்சமா அந்த எடத்துல எடுத்து டைஜஸ்டுக்கு ஊட்டோணும். எல்லாம் முடிஞ்சதும் ரேகையக் கக்கும். டேனியல் சாரு ஒரு ஃபைலு குடுத்தாரு, சரியா ஒரு எம்.பி. அதுக்கு என்ன ரேகை வரோணுமோ அது அப்படியே வந்துச்சு. "குழந்தைவேலு அண்ணன் பாஸு"ன்னாரு. வீட்டுக்கு வந்து சம்சாரத்துக்கிட்டச் சொன்னன். வசந்தாமணி, "சரி, கேஸ் தீந்துபோச்சு, புக் பண்ணுங்க"ன்னா. அவளுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.

கதைக்கு வாரன். எங்கய்யனுக்கு ஆடி மாசம் ஒடம்புக்கு முடியாமப்போயி ஈரோட்டுல ஆசுபத்திரியில சேத்தியிருந்தம். என்னையப் பெத்த அப்பா, தம்பி. அம்மா போனதுக்கப்பறம் எங்கூடத்தான் இருந்தாரு. குளிக்க வெச்சது நானு, ராத்திரி எந்திரிச்சுக் கூட்டீட்டுப் போனது நானு. எனக்குக் கூடப் பொறந்தவ ஒருத்திதான், பூங்கொடி, பல்லடத்துல குடுத்துருக்குது. மாசம் ஒருக்கா வருவா, ஹார்லிக்ஸ் பாட்டிலோட. வந்தா "என்னய்யா இப்படி எளச்சுப்போயிட்டீங்க"ன்னு கேப்பா, என்னமோ நான் சோறு போடாத மாதிரி.

அன்னைக்கு அவளும் அவ புள்ள சம்யுக்தாவும் ஆசுபத்திரிக்கு வந்துருந்தாங்க. நான் டிப்பன் வாங்கப் போயிருந்தன். கீழ ஒரு ஓட்டலு. இட்டிலிக்குச் சாம்பாரு தனியாக் கட்டுடான்னு மூணு தடவ சொல்றன், அந்தக் கிறுக்கன் மேலயே ஊத்திக் கட்டிட்டான். நோவாளிக்கு ஊறின இட்டிலி குடுப்பாங்களா? கேட்டா மொறைக்கறான். விடுவனா நானு, மொதலாளியக் கூப்புட வெச்சு, மாத்திக் கட்ட வெச்சு, அப்பறந்தான் நகந்தன். அதுல முக்கா மணி நேரம் ஓடிப்போச்சு.

மேல வந்து பாத்தா, பக்கத்துல வெச்ச கஞ்சி ஆடை கட்டிக் கெடக்குது. காலையிலருந்து மனுசன் வாயில ஒண்ணும் வெக்கல. பொண்ணு பக்கத்துலயே உக்காந்துருக்கறா தம்பி, ஒரு வாய் ஊட்டத் தெரியல. என்ன புள்ள நீ, பெத்தவரப் பட்டினி போட்டுட்டு உக்காந்துருக்கறயேன்னு அங்கயே வெச்சுக் கேட்டன். அவ அழுதுட்டு வெளிய போயிட்டா. நான் ஊட்டினதும் ரெண்டு இட்டிலி தின்னாரு. ஆசுபத்திரிக்கு வந்ததுலருந்து அன்னைக்குத்தான் முழுசா ரெண்டு. அத நான் மறக்கவே மாட்டன். அவ மேல அன்னைக்கு விழுந்த கோவம் அது.

நான் இல்லாத அந்த நேரத்துலதான் எங்கய்யன் பேச, சம்யுக்தா போன்ல வீடியோ புடிச்சுருக்கறா. "நான் போனதுக்கப்பறம் எல்லாரும் ஒண்ணா உக்காந்து பாருங்க, இப்பப் பாக்க வேண்டாம்"னு அவரே சொல்லிட்டாராம். சரி, பெரியவரு பேச்சு. ஆனா அதுவரைக்கும் யாரும் அதுல கைய வெக்கக் கூடாதில்லீங்களா? சொல்லுங்க. அன்னைக்குச் சாயங்காலமே ஆசுபத்திரி வராண்டாவுல லேப்டாப்ப வெச்சு, ரெண்டு பென் டிரைவுல அந்த வீடியோவப் போட்டு, ஒண்ணு பூங்கொடிக்கு, ஒண்ணு எனக்கு. என் புரோகிராம ஓட்டி ரேகை எடுத்தன். "இந்தா பாரு புள்ள, இதுதான் பூட்டு. உள்ள ஒரு நொடியக் கத்திரிச்சாலும் எனக்குத் தெரிஞ்சுரும்"னன். ஜெராக்ஸ் கடையில குடுத்து அந்த அறுபத்திநாலு எழுத்தையும் ரெண்டு அட்டையா அடிச்சு லேமினேஷன் பண்ணி, ஆளுக்கொண்ணு. சம்யுக்தா கோயமுத்தூர்ல பெரிய கம்பெனியில ஜாவா வேலைதான் பாக்கறா. "சூப்பர் மாமா"ன்னா. அந்தச் சூப்பர இன்னைக்கு நெனச்சாலும் பத்திக்கிட்டு வருது.

ஆவணியில அய்யன் போயிட்டாரு.

கருமாதி அன்னைக்கு ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்துச்சு. வீடியோ போடறதுக்கு முன்னால பூங்கொடியோட பென் டிரைவ ஓட்டி, ரேகை சரியா இருக்குதுன்னு எல்லார் முன்னாலயும் காட்டிட்டுத்தான் போடோணும்னு நான் முடிவு பண்ணியிருந்தன். பழைய புரோகிராமு மெதுவா ஓடும். டேனியல் சாருகிட்டக் கேட்டதுக்கு, "பஃபரப் பெருசாக்குங்கண்ணா, வேகமா ஓடும்"னாரு. ஆயிரத்து இருபத்திநாலுன்னு இருந்தத எட்டாயிரத்துச் சொச்சம்னு மாத்திட்டன். அது ஒண்ணுதான், வேற ஒரு எழுத்தத் தொடல. ஒறம்பரை முன்னால சும்மா ஊய்ன்னு ஓடோணுமல்லோ.

ஓடுச்சு. ரேகை வந்துச்சு. அட்டையப் பாக்கறன். அட்டையில இருக்கறது வேற. திரையில இருக்கறது வேற. மொத எழுத்தே வேற.

பூங்கொடியப் பாத்தன். அவ பேந்தப் பேந்த முழிக்கறா. "பென் டிரைவ யார்கிட்டக் குடுத்த?"ன்னன். "யார்கிட்டயும் குடுக்கலண்ணா, சாமி படத்துக்குப் பின்னாலதான் வெச்சுருந்தன்"னா. அப்பறம் எப்படி மாறும்? ரேகை பொய் சொல்லுமா? எல்லாரும், "மொதல்ல போடு வேலு, என்னதான் இருக்குதுன்னு பாக்கலாம்"னாங்க. போட்டன்.

அய்யன் பேசறாரு. பூங்கொடியப் பத்திச் சொல்றாரு, நல்ல புள்ளையாம், தங்கமான மனசாம். அவ புருசனப் பத்திச் சொல்றாரு. சம்யுக்தா கல்யாணத்தப் பாக்கக் குடுத்து வெக்கலயேன்னு சொல்றாரு. வசந்தாமணி கைப்பக்குவத்தப் பத்திச் சொல்றாரு. பக்கத்து ஊட்டுக்காரனப் பத்திச் சொல்றாரு. எருமையப் பத்திச் சொல்றாருங்க. "ராசாத்திய வித்துராதீங்க, அவ பாவம்"ங்கறாரு. எருமை பேரு வருது தம்பி. எம்பட பேரு வரல.

அத்தன வருசம் பாத்தவன். எருமைக்கு அப்பறமாவது வருமான்னு பாக்கறன், அவரு இருமறாரு, இருமிக்கிட்டே இருக்கறாரு. அவ்வளவுதான், பேச்சு முடிஞ்சுது. என்னையப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. ஒறம்பரை எல்லாம் எம்பட மூஞ்சியப் பாக்குது. எனக்கு அப்பப் புரிஞ்சுது, ரேகை ஏன் மாறுச்சுன்னு. என்னையப் பத்திப் பேசின எடத்த வெட்டியிருக்கறாங்க. அப்படியே எந்திரிச்சன். மீதி ஓடிக்கிட்டே இருக்குது, "உக்காருண்ணா, இன்னும் இருக்குது"ன்னு அவ கையப் புடிக்கறா. ஒதறிட்டன். "எங்கய்யன் வாயிலருந்து எம்பேர அறுத்தெடுத்தவ நீ. இனி உன்ற ஊட்டு வாசப்படி மிதிக்க மாட்டன்"னு சொல்லிட்டன். எல்லார் முன்னாலயும் சொன்னன். அவ அந்தப் பென் டிரைவக் கழட்டி, அவ அட்டையோட எங்கையில வெச்சா. "நீயே வெச்சுக்கண்ணா. ஆனா ஒருக்கா முழுசாப் பாரு"ன்னா.

அதுலருந்து எப்பப் போன் பண்ணினாலும் இதே பாட்டுதான். முழுசாப் பாருண்ணா, கடைசி வரைக்கும் பாருண்ணா. முழுசா இருந்தாத்தானே முழுசாப் பாக்க? வெட்டினதையே எத்தன தடவ பாக்கறது? போன வெச்சுருவன்.

புரட்டாசியில சம்யுக்தா நேரா வீட்டுக்கே வந்தா. கல்யாணம் நிச்சயம் ஆயிருச்சு மாமா, நீங்கதான் மாலை போட்டுக் கூட்டீட்டுப் போயி மணையில உக்கார வெக்கோணும்னா. அப்பறம் "மாமா, உங்க புரோகிராம நான் பாக்கலாமா"ன்னு கேட்டா. பாரு, எனக்கென்ன பயமான்னு காட்டினன். ஒரு நிமிசங்கூட ஆகல. ஒரு வரியில வெரல வெச்சுட்டா.

"மாமா, தொட்டியிலருந்து சொம்புல மொண்டு மொண்டு ஊத்தறீங்க. ஒவ்வொரு தடவையும் முழுச் சொம்பு. கடைசித் தடவ தொட்டியில கொஞ்சந்தான் இருக்கும், சொம்பு பாதிதான் நெறையும். நீங்க அதையும் முழுச் சொம்புன்னு கணக்குல சேத்தறீங்க"ங்கறா.

"மீதிப் பாதி காலியாத்தானே புள்ள இருக்கும், காத்தக் கணக்குல சேத்தினா என்ன"ன்னன்.

"காலியா இருக்காது மாமா. நம்ம சொம்பு கவுத்தினாக் காலியாகும். பஃபரு காலியாகாது. புதுசு வந்தாப் பழசு மேலதான் எழுதும். புதுசு எட்டாத எடத்துல போன தடவ வந்த பழசு அப்படியே கெடக்கும். அந்தப் பழசையும் சேத்து ரேகை எடுத்துருக்கறீங்க. சொம்பப் பெருசாக்கினதும் உள்ள தங்கற பழசும் மாறிருச்சு, அதனால ரேகையும் மாறிருச்சு. எத்தன பைட்டு வந்துச்சோ அத்தன மட்டும் எடுன்னு சொல்லோணும். பஃபருக்குப் பக்கத்துல கமா பூஜ்யம் கமா என்னுன்னு போட்டாப் போதும், என்னுங்கற எழுத்து வந்த பைட்டோட எண்ணிக்கை. ரெண்டு சொம்புக்கும் ஒரே ரேகைதான் வரும்."

"அப்ப சாரு குடுத்த ஃபைலுக்கு எப்படிச் சரியா வந்துச்சு?"

"அது சரியா ஒரு எம்.பி. மாமா. கடைசிச் சொம்பும் தளும்பத் தளும்ப நெறஞ்சுருக்கும். அதனால தப்பு தெரியல."

எப்படி இருக்குது பாருங்க. நான் சைக்கிள் ஓட்டச் சொல்லிக் குடுத்த புள்ள. எனக்கே சொம்புக் கணக்குச் சொல்லுது. கமா பூஜ்யம் கமா என்னு. அதுதான் இவங்க கண்டுபுடிச்ச காரணம். வெட்டினவங்க ஆயிரம் காரணம் சொல்லுவாங்க தம்பி. "உங்கம்மாவக் காப்பாத்த வந்துட்டயா"ன்னன். "நான் அம்மாவுக்காக வரல மாமா, உங்களுக்காகத்தான் வந்தன். வேண்டாம், புரோகிராமத் திருத்த வேண்டாம். உங்ககிட்ட இருக்கற காப்பியவே இந்தப் புதுப் புரோகிராம்ல ஓட்டிப் பாருங்க. அதுவும் அட்டையோட ஒத்துப்போகாது. அப்பத் தெரியும்"ன்னா. காப்பித்தண்ணி கூடக் குடிக்காமப் போயிட்டா.

என்ன கேட்டீங்க? ஓட்டிப் பாத்தனான்னா? எதுக்குப் பாக்கோணும்? என் காப்பி எம்பட பீரோவுல, எம்பட பூட்டுக்குள்ள இருக்குது. நான் எதுக்கு என்னையவே சந்தேகப்படோணும்? இதையேதான் வசந்தாமணியும் கேட்டா. "உங்ககிட்ட இருக்கறதுல யாரும் கைய வெக்கலயல்லோ, அப்ப அதுல உங்க பேரு இருக்கும், போட்டுப் பாத்துட்டு அந்தப் புள்ள மூஞ்சியில எறிங்க"ன்னா. சரியாத்தான் சொன்னா. நான் போடல. நேரம் இல்லீங்க, மில்லுல ஸ்டாக் எடுக்கற மாசம் அது. அப்பறம் ஒரு நாளு சோத்தப் போட்டுட்டே கேக்கறா, "அதுலயும் இல்லாமப் போயிருமோன்னு பயமா இருக்குதா உங்களுக்கு?" நான் தட்டத் தள்ளிட்டு எந்திரிச்சுட்டன். பயமாம். எனக்கு. நேத்து அவ சீர்த் தட்ட எடுத்துட்டு என்னைய ஒரு வார்த்தை கேக்காமப் பல்லடத்துக்குப் போயிட்டா. கதவச் சாத்தறப்ப மட்டும், "பட்டு வேட்டி இஸ்திரி போட்டுக் கட்டில் மேல வெச்சுருக்கறன்"ன்னா. கட்டியிருக்கறது அதுதான். வேற வேட்டி துவைக்கல.

இப்ப நான் எங்க போறன்னு கேக்கறீங்களா? கோயமுத்தூர்ல வீடியோ எடிட்டிங் பண்ற ஆளு ஒருத்தரு இருக்கறாராம். வெட்டியிருந்தா எந்த எடத்துல வெட்டினாங்கன்னு பாத்தே சொல்லிருவாராம். ரெண்டு பென் டிரைவும் சட்டைப் பையிலயே இருக்குது. செவப்பு அவளுது, நீலம் என்னுது. ரெண்டு அட்டையும் இருக்குது. ஆமா, இன்னைக்கே போகோணுமான்னா, இன்னைக்குத்தானுங்க எனக்கு லீவு. கல்யாணத்துக்குன்னு போன மாசமே எழுதிக் குடுத்த லீவு.

நீங்க பாக்கறீங்களா? எதுல? உங்க லேப்டாப்லயா? வேண்டாம் தம்பி, உங்களுக்கு எதுக்குச் சிரமம். இல்ல, குடுக்கறதுக்கு என்ன, இந்தாங்க. செவப்ப மொதல்ல போடுங்க. என்னுத எதுக்கு? சரி, அதையும் போடுங்க. என்னதிது கறுப்பு ஜன்னல்ல என்னமோ அடிக்கறீங்க? உங்க புரோகிராமா? ஓ, விண்டோஸே குடுக்கறதா? அதுல ஜாவாவே இல்லையா? நம்பலாமுங்களா அத?

வந்துருச்சா. படிங்க. மூணு, எஃப், ரெண்டு, ஏ, ஒம்பது. சரி. இது செவப்பு. இப்ப நீலம். மூணு, எஃப், ரெண்டு, ஏ, ஒம்பது. அப்பறம்? கடைசியப் படிங்க. அதுவும் அதேதானா? ரெண்டும் ஒண்ணா? அறுபத்திநாலுமா?

அட்டையப் பாருங்க. அட்டையில மூணுல ஆரம்பிக்கல. பி-யில ஆரம்பிக்குது. அட்டை எப்படிங்க மாறும், லேமினேஷன் பண்ணினது. உங்க மெஷின்ல வைரஸ் ஏதாச்சும் இருக்குதா? இல்ல, கோவிச்சுக்காதீங்க, கேட்டன். என் புரோகிராம் சரியாத்தானுங்க இருக்குது. ஒரு எம்.பி. ஃபைலுக்குச் சரியா வந்துச்சுங்கறன்.

அப்ப ரெண்டு காப்பியும் ஒண்ணுதான்னா, என்னுதும் வெட்டினதா? எம்பட பீரோவுக்குள்ள வந்து யாரு வெட்டினது? சாவி வசந்தாமணிகிட்டயும் ஒண்ணு இருக்குது. ஏன் சிரிக்கறீங்க? அவளுக்குக் கேஸ் புக் பண்ணவே தெரியாது, அது வேற.

வெட்டவே இல்லைன்னு சொல்றீங்களா?

அப்ப அய்யன் சொல்லலைன்னுதானுங்களே அர்த்தம். எருமையச் சொன்னவரு என்னையச் சொல்லல. அவ்வளவுதானே. போதும், கழட்டுங்க. குடுங்க இப்படி. இதக் கேக்கறதுக்கா இத்தன தொலைவு வந்தன்? நான் பாட்டுக்கு வெட்டிட்டாங்கன்னு கோவமா இருந்தன், நல்லாத்தான் இருந்தன். சின்னவங்களுக்கு எல்லாம் எதையாச்சும் நிரூபிக்கோணும். அந்தப் புள்ளையும் அப்படித்தான், நீங்களும் அப்படித்தான்.

என்ன, வீடியோவையே போட்டுட்டீங்களா? இன்னும் இருக்குதா? எங்க? எருமைக்கு அப்பறமா? அது சும்மா இருமறதுதானுங்க, போன நிறுத்த மறந்துருப்பா புள்ள. எத்தன நேரம் இருக்குது? ரெண்டு நிமிசமா? குடுங்க அந்த வயர. ஒரு காதுல நீங்க வெச்சுக்கங்க, தனியாக் கேக்க எனக்கு என்னமோ மாதிரி இருக்குது.

இருமறாரு. பாருங்க, நான் சொன்னன். அது பூங்கொடி கொரலு. "அய்யா, கஞ்சி ஆறுது, ஒரே ஒரு வாய்." பாத்தீங்களா, ஊட்டத்தான் போயிருக்கறா. அவரு கையத் தட்டி விடறாரு. சத்தம் வெய்ங்க. இன்னும் வெய்ங்க. பஸ்ஸு எரைச்சல்ல கேக்கல.

"வெய்யி புள்ள. டிப்பன் வாங்கப் போனவன் வரட்டும். அவன் ஊட்டினாத்தான் எனக்கு எறங்குது."

யாரு சிரிக்கறது, சம்யுக்தாவா? ஆமா, அவதான். "மாமா போயி ரொம்ப நேரம் ஆச்சு தாத்தா"ங்கறா. அய்யன் வாசப்படியையே பாக்கறாரு.

"எங்கயாச்சும் சண்டை கட்டீட்டு நிப்பான். வந்துருவான்."

மறுக்காப் போடுங்க.

மறுக்கா.

நான் எங்கீங்க சண்டை கட்டினன்? சாம்பாரத் தனியாக் கட்டுடான்னு சொன்னது சண்டையா? நோவாளிக்கு ஊறின இட்டிலி குடுக்க முடியுமா தம்பி, நீங்களே சொல்லுங்க. கண்ணுல தூசி. ஜன்னலச் சாத்துங்க.

இவளப் பாருங்க இந்தப் பூங்கொடிய. இத்தன மாசம் ஒரு வார்த்தை சொல்லல. அன்னைக்கு ஆசுபத்திரியில பட்டினி போட்டயான்னு கேட்டனே, அப்பவாவது, இல்லண்ணா, நீ ஊட்டினாத்தான் எறங்குதுன்னு சொன்னாருன்னு வாயத் தொறந்து சொன்னாளா? பாரு பாருன்னா பாத்துருவனா? என்ன இருக்குதுன்னு சொல்லோணுமா இல்லையா? அழுத்தக்காரி. சின்னதுலருந்தே அப்படித்தான்.

மணி என்னங்க? ஒம்பதே முக்காலா? முகூர்த்தம் பத்தரை வரைக்கும். கண்டக்டர், பல்லடம் வந்துருச்சா? மண்டபம் ஸ்டாண்டுக்கு முன்னாலயே, அந்தப் பெட்ரோல் பங்க்குகிட்ட. அங்க ஸ்டாப்பிங் இல்லைன்னா நிறுத்தக் கூடாதா? கோயமுத்தூர் வரைக்கும் டிக்கெட் எடுத்தவன் பாதியில எறங்கறன்னா உங்களுக்கு லாபந்தானே, நிறுத்துங்க. நான் ஏன் கத்தறன்? கத்தலீங்க.

பைய எடுங்க தம்பி. மெதுவா, மாலை நசுங்கிரும். பென் டிரைவ் ரெண்டையும் குடுங்க. அந்த அட்டை வேண்டாம், நீங்களே வெச்சுக்கங்க, இல்லாட்டி ஜன்னல்ல வீசுங்க. கல்யாணத்துக்குப் போறன்னு நெனச்சுக்காதீங்க. கேக்கத்தான் போறன். மொதல்ல புள்ளைக்கு மாலையப் போட்டு மணையில உக்கார வெச்சுட்டு, அப்பறம் வெச்சுக்கறன் எல்லாரையும்.